சீல் குத்திய கடல்

அந்தப் போத்தலில் இருந்தது கடல் நீர் அல்ல. என் குசினியில், குழாய்த் தண்ணீரில், ஆறு தேக்கரண்டி உப்பைப் போட்டு நான் கலக்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்திருந்து சொன்னால், வாசிப்பவர் வழியில் எங்காவது என்மேல் இரக்கப்பட்டுவிடக்கூடும். அது வேண்டாம்.

எனக்கு எழுபத்தாறு வயது. தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் பதினாறு வருடம் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடசாலைக்குக் கீழே, பஸ் திரும்புகிற வளைவில்தான் என் வீடு. ஓய்வுக்குப் பிறகு என்னைச் சமாதான நீதவான், அதாவது ஜே.பி., ஆக்கினார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத்து மக்களுக்கு ஜே.பி. என்றால் சீல். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு ஒரு சீல், அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு ஒரு சீல், வெளியூர் வேலைக்குப் போகிறவளின் நற்சான்றுக்கு ஒரு சீல். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அதன் மூலையில் அந்த நீல வட்டம் இருக்கிறதா என்றுதான் எல்லா அரசாங்கக் கந்தோர்களிலும் பார்க்கிறார்கள். தாங்கள் யார், எங்கே பிறந்தோம் என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தாள் நீட்டி நிரூபித்து வந்தவர்கள் இவர்கள். சீல் இவர்களுக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. அதை நான் விளையாட்டுப் பொருளாக்கினேன்.

போன வருடம் தரம் நான்குக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்தார். பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். முப்பது வயது இருக்காது. சுற்றாடல் பாடத்தில் கடலைப் பற்றி இரண்டு பக்கம் வருகிறது. அந்த இரண்டு பக்கத்தை வருடாவருடம் வாசித்துக் காட்டி, கேள்வி பதில் எழுதவைத்து, அடுத்த பாடத்துக்குப் போனவன் நான். அவர் அதை ஒரு முழுத் தவணையாக்கினார்.

அம்மாமாரின் பழைய நீலச் சேலைகளைக் கொண்டுவரச் சொல்லி, மூன்று சுவர்களிலும் தொங்கவிட்டார். அடியில் கரும் நீலம், மேலே வெளிர் நீலம். பால் வெட்டுகிற தாய்மார் சிரட்டையில் கொஞ்சம் ரப்பர் பால் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளைகள் களிமண்ணில் நட்சத்திர வடிவத்தில் குழி செய்து, அதில் பாலை ஊற்றினார்கள். பாலை உறையவைக்கிற அசிட்டை மட்டும் டீச்சரே சொட்டுவிட்டார். மறுநாள் பிரித்தெடுத்தபோது வெள்ளை வெளேரென்று நட்சத்திர மீன்கள். இழுத்தால் நீண்டன, விட்டால் சுருங்கின. வகுப்பறை முழுக்க, ரப்பர் பால் சேர்க்கிற ஸ்டோரின் நாற்றம். ஷொப்பிங் பைகளைக் கீறி ஜெல்லி மீன் செய்தார்கள். எங்கள் தோட்டத்து ஓடை சீதாவாக்கை ஆற்றில் சேர்ந்து, அது அவிசாவளையில் களனியில் சேர்ந்து, களனி கடலுக்குப் போவதைத் தரையில் சுண்ணாம்பால் வரைந்து, அதன்மேல் நடந்து பார்த்தார்கள்.

ஒருநாள் கருவாட்டுப் பாடம். ஆளுக்கொரு துண்டு வீட்டிலிருந்து கொண்டுவந்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் படம் கீறினார்கள்.

"டீச்சர், கடல் மீனுக்குத் தலையே கெடையாதுங்களா?" என்று ஒருவன் கேட்டான். அவன் கையில் தலையில்லாத கட்டாக் கருவாட்டுத் துண்டு.

"தலைய கடல்லயே வெட்டிப் போட்டுட்டுத்தான்டா வரும். லொறியில பாரம் கொறையுமில்ல" என்று பக்கத்துப் பெண் விளக்கம் சொன்னாள்.

நான் கிழமைக்கு இரண்டு நாள் அந்த வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பேன். டீச்சர்தான் வரச் சொன்னார். ஏதாவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஒன்பது வயது. வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் கடலைப் பார்த்தவள், பார்த்தது மட்டுமல்ல, அதில் இறங்கிக் குளித்தவள். அவளுடைய தாய் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றரை வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அங்கே பாடசாலைக்கு ஒழுங்காகப் போகவில்லை; ஆகவே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். கணக்கும் வராது. முதல் தவணை முழுக்கப் பின்வரிசை வாங்கில் வாய் திறக்காமல் இருந்தவள்.

கடல் வந்ததும் அவள் முன்வாங்குக்கு வந்தாள். டீச்சர் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் அவள் பக்கம் திரும்பி, "அப்படியாடி?" என்று கேட்பார்கள். அவள் யோசித்துத்தான் பதில் சொல்வாள். அலை திரும்பிப் போகும்போது காலுக்கடியில் மண்ணும் ஓடும், குதிகால் இறங்கும், விழப்போகிற மாதிரி இருக்கும் என்றாள். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டினாலும் மயிர் பிசுபிசுவென்று இருக்கும் என்றாள். சேலைக் கடலில் மேலே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்து, "நொரை இவ்வளவு வெள்ளையா இருக்காது டீச்சர், கொஞ்சம் மஞ்சளா இருக்கும்" என்றாள். டீச்சர் பஞ்சைத் தேயிலைச் சாயத்தில் முக்கியெடுத்து ஒட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் எழுதி ஒட்டுகிற வேலையை டீச்சர் அவளிடம் கொடுத்தார். அந்தப் பெயர்களை எழுதத்தான் அவள் எழுத்தே படித்தாள் என்று சொல்லலாம். 'சுறா' என்று எழுத அவளுக்கு மூன்று நாள் எடுத்தது. நான் பார்த்தேன்.

அவளுடைய தாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கொழும்புக்குப் போவதற்கு முன்னால் என்னிடம்தான் நற்சான்றுக்குச் சீல் வாங்க வந்தார். தாளில் 'வீட்டுப் பணிப்பெண்' என்று இருந்தது. நான் கையெழுத்துப் போடும்போது அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"சேர், லயத்துல கார்மெண்ட் பெக்டரிக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். இது வெளிய தெரிய வேணாங்க."

"நான் சீல் வச்சதும் மறந்துருவேன்" என்றேன். அவர் சிரித்தார். பெருமையாகத்தான் சொன்னேன்.

கண்காட்சிக்கு மூன்று கிழமை இருக்கும்போது டீச்சர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். தாய் தகப்பன்மாரும் கல்விக் கந்தோர் அதிகாரியும் வருகிறார்கள். ஓடைத் தண்ணீர், உப்புக் கரைத்த தண்ணீர், கடல் நீர், இந்த மூன்றையும் மூன்று பீரிசுத் தட்டுகளில் ஊற்றி வெயிலில் காயவைத்து, எதில் என்ன மிஞ்சுகிறது என்று காட்ட வேண்டும். அந்த மேசைக்கு அந்தப் பெண் பிள்ளைதான் பொறுப்பு.

"சேர் மாசாமாசம் கண் கிளினிக்குக்குக் கொழும்பு போறீங்கதானே. வரும்போது ஒரு போத்தல் கடல் தண்ணி கொண்டாந்து தருவீங்களா?"

"இது என்ன பெரிய வேலை டீச்சர்" என்றேன்.

கிளினிக்கில் கண்ணுக்கு மருந்து விட்டார்கள். விட்டால் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். இருந்தும் நான் காலிமுகத்திடலில் போய் இறங்கினேன். வெயில் கண்ணில் குத்தியது. கடல் இரைகிற சத்தம் கேட்டது. மணலுக்கு இறங்குகிற படிகள் ஈரமாக மினுங்கின. ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

அங்கே எத்தனையோ பேர் நின்றார்கள். யாரிடமாவது போத்தலைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் ஓர் ஓய்வுபெற்ற அதிபர், வெற்றுப் போத்தலை நீட்டி, கொஞ்சம் கடல் தண்ணீர் எடுத்துத் தாருங்கள் என்று இளைஞர்களிடம் கேட்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. ஓர் இறால் வடையை வாங்கித் தின்றுவிட்டு வெற்றுப் போத்தலோடு பஸ் ஏறினேன்.

ஊரில் இறங்கும்போது கொண்டுவர முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வளைவில் ஆறேழு பிள்ளைகள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவளும் நின்றாள்.

"கடல் வந்திருச்சா சேர்?"

"வந்திருச்சு, வந்திருச்சு. நாளைக்கு வகுப்புக்குக் கொண்டாறேன்."

வாயிலிருந்து அதுதான் வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடினார்கள்.

ஒரு லீட்டர் கடல் நீரில் முப்பத்தைந்து கிராம் உப்பு என்பது எனக்கு மனப்பாடம். மட்டமாக ஆறு தேக்கரண்டி. நன்றாகக் கலக்கி, வடித்து, கொஞ்சம் மணலும் போட்டேன். என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கடலைப் பற்றிப் படிப்பித்த நான் அதை ஒருநாளும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் போத்தலை மேசையில் வைத்தபோது வகுப்பே எழுந்து நின்றது. கருவாட்டுக்குத் தலை தேடிய அந்தப் பையன் கிட்ட வந்து குனிந்து பார்த்தான்.

"சேர், இது நெசமாவே கடலா?"

"பின்ன என்ன?"

"அப்ப சீல் குத்துங்க சேர். சீல் இல்லாட்டி அஞ்சாம் வகுப்புப் பயலுக நம்ப மாட்டானுங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சீல் எப்போதும் என் பையில்தான் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் 'கடல் நீர், காலிமுகத்திடல், கொழும்பு' என்று என் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, போத்தலில் ஒட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

போத்தலைத் திறக்கிற மரியாதையை டீச்சர் அவளுக்குக் கொடுத்தார். அவள் மூடியைத் திருகி எடுத்து, முகர்ந்து பார்த்தாள். மூடியில் ஒட்டியிருந்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னொரு தரம் தொட்டு வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சேர், இது கடல் தண்ணி இல்லீங்களே."

திமிராகச் சொல்லவில்லை. கடைக்காரன் தவறான போத்தலை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று எனக்காகக் கவலைப்படுகிற மாதிரிச் சொன்னாள்.

"எப்படிம்மா சொல்ற?" என்று டீச்சர் கேட்டார்.

"கடல் தண்ணி மொதல்ல கரிக்கும் டீச்சர். அப்பறம் அடிநாக்குல கசக்கும். துப்பினாலும் போகாது. இது கரிக்குது, அவ்வளவுதான். எங்க வீட்டு ரசம் மாதிரி இருக்கு."

வகுப்பு குபீரென்று சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பாடசாலையில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

"நீ எந்தக் கடல்ல குளிச்ச?" என்றேன்.

"அம்மா வேல செஞ்ச எடத்துக்குப் பக்கத்துல சேர்..."

"ஒங்கம்மா வீட்டு வேலைக்குப் போன எடந்தானே? அங்க பாத்திரம் கழுவுன தண்ணியப் பாத்துட்டு வந்து கடல்னு சொல்றியா?"

இந்த வார்த்தைகளை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்படியே எழுதியிருக்கிறேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "இவ கார்மெண்டுன்னு சொன்னாளே!" அதற்குப் பிறகு சிரிப்பு. இந்த முறை சிரித்தது என்னைப் பார்த்து அல்ல. நான் அதை விரும்பினேன் என்பதையும் எழுத வேண்டும்.

அவள் அழவில்லை. மூடியைப் போட்டு இறுக்கித் திருகினாள். சீல் வகுப்புக்குத் தெரிகிற மாதிரிப் போத்தலைத் திருப்பி வைத்துவிட்டு, போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்தாள்.

இடைவேளையில் டீச்சர் என்னிடம் வந்தார். "சேர், அந்தப் பிள்ளை சொன்னது..."

"பிள்ளைகளுக்கு ரொம்ப எடம் குடுத்தா இப்படித்தான் டீச்சர்" என்றேன். அவர் வகுப்புக்குத் திரும்பிப் போனார்.

அன்றைக்கே அவளுக்குப் 'பாத்திரக் கடல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் விஷயம் லயத்துக்குப் போய்விட்டது.

கண்காட்சி அன்று அவள் வரவில்லை. கடல் நீர் மேசையில் அந்தப் பையனை நிறுத்தினார்கள். அதிகாரி வந்ததும் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இது கடல் தண்ணிங்க. சீல் இருக்கு, பாத்துக்குங்க" என்றான். அதிகாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்னையும் போத்தலையும் பக்கத்தில் நிற்கவைத்துப் போனில் படம் எடுத்தார். நான் நின்றேன். புன்னகையும் செய்திருப்பேன். சேலைக் கடலின் மேல்விளிம்பில் சாயம் தோய்த்த பஞ்சு மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே 'சுறா' என்ற தாள்.

எல்லாரும் போன பிறகு டீச்சர் பீரிசுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இது நான் கரைச்ச உப்புத் தண்ணி. இது சேர் கொண்டாந்தது. ரெண்டும் ஒரே மாதிரிக் காஞ்சிருக்கு சேர்."

"உப்பு உப்புத்தானே டீச்சர்."

"ஆமா சேர்" என்றார். மூன்று பீரிசுகளையும் அவரே எடுத்துப்போய்க் கழுவினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் கழுவினார்.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே போனேன். கண்ணுக்கு மருந்து விடுவதற்கு முன்னால் காலிமுகத்திடலுக்குப் போனேன். கண் நன்றாகத் தெரிந்தும் படிகள் வழுக்கின. கீழே நின்ற ஒரு சிங்களப் பையன் மேலே ஏறி வந்து என் முழங்கையைப் பிடித்தான்.

"சீயே, பரிஸ்ஸமின்." பார்த்து வாருங்கள் என்று தாத்தாவுக்குச் சொல்வது போலச் சொன்னான். போத்தலைப் பார்த்துவிட்டு, மருந்துக்கா என்று கேட்டான். பாடசாலைக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். அவனே முழங்கால் தண்ணீர்வரை போய், அலை வரும்வரை காத்திருந்து நிரப்பிக்கொண்டு வந்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. காத்திருந்தேன். பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்தது. துப்பினேன். போகவில்லை.

அன்று மாலை அந்தப் போத்தலோடு நேரே லயத்துக்குப் போனேன். அவளுடைய தாய் அப்போதுதான் வேலை முடித்து வந்திருந்தார். கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். நான் பேசத் தொடங்குவதற்குள் அவர் பேசினார்.

"பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி சேர். பெரியவங்ககிட்ட அப்படிப் பேசலாமா? நல்லா கண்டிச்சுட்டேன்."

"எதுக்குக் கண்டிச்சீங்க? அவ சொன்னதுதான் உண்மை. நான் கொண்டாந்தது வெறும் உப்புத் தண்ணி."

அவர் கையில் ஒட்டியிருந்த பாலை உரித்துக்கொண்டே நின்றார். "தெரியுங்க சேர். அவளுக்குக் கடல் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா கண்டிச்சீங்க?"

"ஆமாங்க. நாளைக்கும் ஒங்ககிட்டதானே சீலுக்கு வரணும்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடுக்க வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவென்று நான் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டேன். வேலை பற்றி நான் வகுப்பில் உளறியதைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அது போகட்டும் சேர். தெரிஞ்சது தெரிஞ்சதுதான். தேத்தண்ணி குடிங்க."

கதவுச் சேலைக்குப் பின்னால் பிள்ளை நின்றது தெரிந்தது. போத்தலை நீட்டினேன். தாய் "வாங்கிக்கடி" என்ற பிறகுதான் வந்தாள். திறந்து, தொட்டு, நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதுதான்" என்றாள். பிறகு போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல சீல் இல்லீங்களா சேர்?"

"வேணாம்மா. நீ சொன்னாப் போதும்."

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்களே."

"நாளைக்கு நான் வகுப்புல வந்து சொல்றேன்" என்றேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பின் முன்னால் நின்றேன். முதல் போத்தல் இன்னும் அலமாரியின் மேல் இருந்தது. "அதில் இருப்பது கடல் நீர் இல்லை. நான் வீட்டில் உப்புக் கரைத்தது. உங்களிடம் பொய் சொன்னேன். இவள் சொன்னதுதான் சரி" என்றேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நம்பவில்லை. பையன் குனிந்து பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "சேர் எங்கடா பொய் சொல்வாரு? அவ அம்மா வந்து அழுதிருப்பாங்க. பாவம்னு சொல்றாரு."

சீல் குத்தும்போது நம்பியவர்கள், அது பொய் என்று நானே சொன்னபோது நம்பவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

டீச்சர்தான் எழுந்தார். இரண்டு போத்தல்களிலிருந்தும் இரண்டு மூடிகளில் ஊற்றி, வரிசையாக வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னார். முதலாவதாக வந்த பையன் சீல் போத்தல் நீரை நக்கிவிட்டுச் சும்மா நின்றான். இரண்டாவதை நக்கினான். முகம் சுருங்கியது. ஜன்னலுக்கு ஓடிப்போய்த் துப்பினான்.

"ஏய்... கசக்குதுடா!"

ஒவ்வொருவராக வந்தார்கள், துப்பினார்கள், சிரித்தார்கள், திரும்பவும் தொட்டார்கள். பையன் மட்டும் முதல் போத்தலைக் கையில் எடுத்து, சீலின்மேல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. போத்தலை வைத்துவிட்டுப் பின்வாங்கைப் பார்த்துச் சொன்னான்:

"ஏய், நீ சொன்னது சரிதான்டி."

"தெரியும்" என்றாள் அவள். கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்ட ஆறுதல்கூட வரத் தொடங்கியிருந்தது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு சின்னவள், லொறிப் பாரம் பற்றி விளக்கம் சொன்ன அதே பெண், எழுந்து நின்று கேட்டாள். கேலியாக இல்லை. கணக்கில் ஒன்றைத் திருத்தினால் அடுத்ததையும் திருத்த வேண்டுமே என்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்ப இவங்கம்மா வீட்டு வேலைக்குப் போனாங்கன்னு சேர் சொன்னதும் பொய்தானுங்களே?"

பின்வாங்கில் அவள் தலையை நிமிர்த்தினாள். அன்று முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

ஆமாம், அதுவும் பொய் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய், அந்த வகுப்பு முழுக்க அதைக் கேட்கத் தயாராக இருந்தது. நானோ உண்மையை மட்டும் பேசுவது என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தேன்; அந்த உண்மைக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பழகத் தொடங்கியிருந்தேன். வாய் திறந்தது. "அது நான் பேசியிருக்கக் கூடாத விஷயம்" என்றேன்.

சின்னவள் "ஓ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாருக்கும் விளங்கியது. பின்வாங்கில் தலை மறுபடியும் குனிந்தது.

கடலைப் பற்றி அந்த வகுப்பில் அவள் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை என்று டீச்சர் பின்னொருநாள் சொன்னார். கேட்டால், "மறந்துட்டேன் டீச்சர்" என்பாளாம். தவணை முடிவில் சேலைகளை அவிழ்த்து, துவைத்து, வீடுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ரப்பர் நட்சத்திர மீன்கள் கறுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவாம்.

இந்த வருடம் தை மாதத்தில் ஒரு காலை, முன்வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயும் மகளும் லயத்துப் பாதையால் இறங்கி வந்தார்கள். தாயின் கையில் பிளாஸ்டிக் கவரில் தாள்கள். மறுபடியும் வெளியூர் வேலைக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நற்சான்றுக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய்ப் பையைத் திறந்து, சீலையும் மைப்பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்தேன். பேனையைத் தாளில் கிறுக்கி மை வருகிறதா என்றும் பார்த்தேன்.

வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன். என் வீட்டைத் தாண்டி வளைவில் போய் நின்றார்கள். தெஹியோவிட்டை பஸ் வந்தது. டவுனில் ஒரு கடைக்கு மேலே இன்னொரு ஜே.பி. இருக்கிறார். அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் போய், வரிசையில் நின்று, முன்பின் தெரியாத மனிதரிடம் 'வீட்டுப் பணிப்பெண்' என்ற தாளை நீட்ட வேண்டும்.

பஸ் ஏறும்போது தாய் என் வீட்டுப் பக்கம் திரும்பி, தலையைக் கொஞ்சம் சாய்த்து மரியாதை காட்டினார். மகள் திரும்பவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேசையில் மைப்பெட்டி திறந்தபடி இருந்தது. அதை மூட வேண்டும் என்றுகூட எனக்கு வெகுநேரம் தோன்றவில்லை.